குழாய் உடைந்தால் பணம் யார் தருவது? தமிழ்நாட்டு ஊராட்சி, பேரூராட்சிகளில் குடிநீர், கழிவுநீர்ப் பழுதுகளுக்கான அரசு நிதி: கேள்வி பதில்

புதிய தொட்டி கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். பழைய தொட்டியின் விரிசலை அடைத்தால் வைக்க முடியாது. பழுதுபார்க்கப் பணம் தேடி அலைகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த மனநிலையில்தான். அதற்காகப் பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல தலைப்புகளில், பல கணக்குகளில், ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு இருக்கிறது. கிராம சபைகளிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் கீழே உள்ளன. சென்னை மாநகரத்தின் ஏற்பாடு வேறு: 1978இல் தொடங்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியமே அங்கு குடிநீரையும் கழிவுநீரையும் பார்த்துக்கொள்கிறது. இங்கே பேச்சு மற்ற ஊர்களைப் பற்றியது.

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து வாரக்கணக்கில் தண்ணீர் ஓடுகிறது. இதற்கு அரசு நிதி கிடைக்குமா?

கிடைக்கும். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அது யாருடைய குழாய் என்பதை. ஆற்றிலிருந்து பல ஊர்களுக்கு நீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில், நீரேற்று நிலையத்திலிருந்து உங்கள் ஊர்த் தொட்டியில் நீர் விழும் இடம் வரையுள்ள பெரிய குழாய்கள் பொதுவாகத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பராமரிப்பில் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டமும், திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையிலிருந்து நீர் எடுக்கும் இராமநாதபுரம் திட்டமும் இந்த வகை. தொட்டிக்குப் பிறகு, தெருக்களில் போகும் பகிர்மானக் குழாய் உள்ளாட்சியினுடையது. ஊருக்குள்ளேயே ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி என்று இருந்தால் எல்லாமே உள்ளாட்சியின் சொத்து.

வாரியத்தின் குழாய் உடைந்ததற்கு ஊராட்சி செயலரிடமும், ஊராட்சியின் குழாய் உடைந்ததற்கு வாரியத்திடமும் மனு கொடுத்து மாதங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம். தொட்டி இயக்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எந்த வால்வுக்கு அப்பால் யார் பொறுப்பு என்பது ஊரில் வேறு எவரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

இதற்கென்று ஒரு மானியத் திட்டம், ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறதா?

இல்லை. தனி மனிதரோ குடியிருப்போர் சங்கமோ நேரடியாக விண்ணப்பித்துப் பெறும் மானியமும் இதில் கிடையாது. பணம் உள்ளாட்சி அமைப்புக்கு வருகிறது. அதை எந்த வேலைக்குச் செலவிட வேண்டும் என்று தீர்மானிக்கச் செய்வதே மக்கள் கையில் உள்ளது.

அப்படியானால் பழுதுபார்க்கும் பணம் முதலில் எங்கிருந்து வரும்?

முதலில் பார்க்க வேண்டியது மத்திய நிதிக்குழு மானியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டியது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறு பாதி சுகாதாரத்துக்கு. இவற்றில் ஒன்றில் தேவை முழுமையாக நிறைவேறிவிட்டால் அந்தப் பங்கை மற்றதற்குப் பயன்படுத்தலாம். எஞ்சிய 40 சதவீதம் ஊரின் தேவைக்கேற்பச் செலவிடுவதற்கானது. ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது.

"நிதி இல்லை" என்று அலுவலகத்தில் சொன்னால், எந்த நிதி இல்லை என்று கேளுங்கள். சாலைக்கான நிதி தீர்ந்திருக்கலாம். குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகையைச் சாலைக்கு எடுக்க முடியாது என்பதால் அது அப்படியே கிடக்கவும் வாய்ப்புண்டு. 2026 ஏப்ரலிலிருந்து பதினாறாவது நிதிக்குழுவின் காலம். மானியத்தை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கு அதன் நிபந்தனைகளே பொருந்தும். பழைய விகிதத்தைச் சொல்லி வாதாடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநில அரசு தன் பங்காக எதுவும் தருவதில்லையா?

தருகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். கிராம ஊராட்சியில் இது எப்படிச் செலவாகிறது என்பதை அறிய அதன் வங்கிக் கணக்குகளைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் கணக்கு பொது நிதி. இரண்டாவது, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய நீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கியது. மூன்றாவது, திட்டங்களுக்கானது. மோட்டார் காயில் எரிந்துபோனது, கேட் வால்வு ஒழுகுவது, தெருக்குழாய் உடைந்தது போன்ற அன்றாடப் பழுதுகளுக்குப் பணம் போவது பெரும்பாலும் முதல் கணக்கிலிருந்துதான்.

வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் வந்து சேரும் இடமும் அந்த முதல் கணக்கே. கட்டணம் வசூலாகாத ஊராட்சியில் ஒரு மோட்டாரை மாற்றுவதற்குக்கூட ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை எதிர்பார்த்து நிற்க நேரிடும். எந்த வேட்பாளரும் வாசலில் வந்து இதைச் சொல்ல மாட்டார்.

ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊருக்குக் குழாய் போட்டார்கள். பழுதானால் அதே திட்டத்தில் சரிசெய்வார்களா?

இந்தக் குழப்பம் பரவலாக இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் நோக்கம் ஒவ்வொரு கிராமப்புற வீட்டுக்கும் குழாய் வழியாக, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தருவது. 2024இல் முடிந்திருக்க வேண்டிய திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பழைய குழாய் அமைப்பைச் சீரமைத்து வீட்டு இணைப்பு தரும் அளவுக்கு மேம்படுத்தவும் அதில் இடம் உண்டு. கட்டி முடித்து ஒப்படைத்த பிறகு வரும் பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு.

ஒப்படைக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் எதுவரை என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் இணைப்புகள் பிரிந்தாலோ, ஆழமின்றிப் புதைத்த குழாய் டிராக்டர் ஏறி உடைந்தாலோ, சரிசெய்ய வேண்டியவர் அவர். அந்தத் தேதி தெரியாமல் ஊராட்சிப் பணத்தைச் செலவிடுவது வீண். கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. பல ஊர்களில் அந்தக் குழு தாளில் மட்டுமே இருக்கிறது. உங்கள் ஊரில் அது உயிரோடு இருந்தால் ஒப்பந்த நகலைக் கேட்டுப் பெறுவது அதன் வேலை.

மேல்நிலைத் தொட்டியே இடியும் நிலையில் இருக்கிறது. ஊராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லையே?

இங்குதான் மற்ற வழிகள் தேவைப்படும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினருக்கான ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி, ஒன்றியம் அல்லது மாவட்ட ஊராட்சியின் பொது நிதி, ஆட்சியர் வழியாகக் கிடைக்கும் திட்ட நிதி ஆகியவை அவை. தொகுதி நிதியின் இயல்பு நிலையான சொத்தை உருவாக்குவது. ஆகவே அதனிடம் "தொட்டியைப் பழுதுபார்க்க" என்று கேட்பதைவிடப் "பழைய தொட்டியை இடித்துப் புதிய தொட்டி கட்ட" என்று கேட்பதே பொருத்தம்.

தொட்டி பாதுகாப்பற்றது என்று பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். கம்பி வெளியே தெரியும் தூணின் படம் பத்திரிகைக்கு உதவும். கோப்பு நகர்வதற்கு அந்தச் சான்று வேண்டும். இடிக்கும் வரை தொட்டியைச் சுற்றி ஆட்கள் வராமல் தடுப்பது நிதிக்காகக் காத்திருக்கக் கூடாத வேலை.

'நமக்கு நாமே' திட்டத்தில் சேரலாமா?

சேரலாம், ஊரில் பணம் திரட்ட முடிந்தால். 2021இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட இத்திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். வெளிநாட்டிலோ நகரத்திலோ சம்பாதிக்கும் உறவினர்கள் உள்ள ஊர்களுக்கு இது எளிது. தினக்கூலிக் குடும்பங்கள் மட்டும் வாழும் காலனிக்குக் குடிநீர் தருவது அரசின் கடமை. அங்கே "நீங்களும் கொஞ்சம் போடுங்கள்" என்று சொல்வது சரியான வழி என எனக்குத் தோன்றவில்லை. அங்கே நிதிக்குழு மானியத்தையே கேளுங்கள்.

கிராம சபையில் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று தண்ணீரைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் "குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்று எழுதப்படும் தீர்மானத்தால் எந்தப் பயனும் இல்லை. எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெரு முனை வரை, ஏறக்குறைய எத்தனை மீட்டர், எந்த வகைக் குழாயை மாற்ற வேண்டும், எந்த நிதித் தலைப்பில் என்று தீர்மானம் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஓவர்சியர் வந்து அளந்து மதிப்பீடு போட முடியும்.

இன்னொன்று, வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டும். நிதிக்குழு மானியத்தைப் பொறுத்தவரை அந்தத் திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் எடுப்பது கடினம். குழாய் உடைந்த பிறகு ஓடுவதைவிட, அடிக்கடி உடையும் பகுதியை முந்தைய ஆண்டே திட்டத்தில் ஏற்றி வைத்த ஊர்களுக்குப் பணம் விரைவாகக் கிடைக்கிறது. எந்தத் தெருவில் ஆண்டுக்கு எத்தனை முறை உடைப்பு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருந்தால், "ஒட்டுப்போட்டது போதும், மாற்றுங்கள்" என்று சொல்ல அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

மதிப்பீட்டுக்குப் பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, தொகை பெரிதானால் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், வேலை, முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவது, பில் என்று வரிசை போகும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவர் பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் "கிராம ஊராட்சி" என்று இருப்பவர்.

ஊராட்சித் தலைவரே இல்லை. யாரிடம் கேட்பது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அத்தகைய காலத்தில் தலைவர் செய்ய வேண்டியதைத் தனி அலுவலர் செய்கிறார். கிராம சபையும் நடக்கிறது, பணமும் எடுக்கலாம். ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைச் சுமப்பதால் தாமதம் மட்டும் கூடும். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நாங்கள் இருப்பது பேரூராட்சியில். பாதாளச் சாக்கடை, பழைய குழாய்களை மாற்றுவது போன்றவற்றுக்கு என்ன வழி?

நகர்ப்புற உள்ளாட்சிக்கும் நிதிக்குழு மானியம் உண்டு. பெரிய வேலைகளுக்கு 2021 அக்டோபர் 1 அன்று ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டம். குடிநீருக்கு எல்லா நகரங்களும் பேரூராட்சிகளும் அதில் தகுதி பெறும். கழிவுநீருக்கு முன்னரே தேர்ந்தெடுத்த 500 நகரங்கள் மட்டும். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்றால் மத்திய அரசின் பங்கு பாதி. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் கால் பங்கு. கசிவாலும் கணக்கில் வராமலும் போகும் நீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது அதன் இலக்குகளில் ஒன்று. அதனால் "பழைய குழாய்" என்று சொல்வதைவிட "கசிவு" என்று அளவோடு காட்டும் கருத்துரு எடுபடும். மாநிலத்தில் 1996இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடனாகவும் உதவுகிறது. கடன் என்றால் அதை அடைக்க வரியும் கட்டணமும் ஏறும் என்பதை மன்றக் கூட்டத்தில் யாராவது சொல்லிவிடுவது நல்லது.

ஆலந்தூரை இங்கே நினைவுகூர வேண்டும். இப்போது சென்னை மாநகராட்சியின் பகுதியான அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே வைப்புத்தொகை திரட்டியது. மீதிக்குக் கடனும் மானியமும். முழு மானியம் வரும் வரை உட்கார்ந்திருக்காத ஓர் ஊர் அது. எல்லா ஊராலும் அப்படிச் செய்ய முடியாது. குடியிருப்போர் சங்கங்கள் அங்கு வீடு வீடாகப் போய்ப் பேசின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிராமத்தில் சாக்கடைக் குழாயே இல்லை. கழிவுநீருக்கு என்ன கேட்பது?

நிதிக்குழு மானியத்தின் சுகாதாரப் பங்கு இதற்குத்தான். சமையலறை, குளியலறைத் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு அல்லது தெருவுக்குத் தெரு உறிஞ்சு குழி, வடிகால் சீரமைப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். செப்டிக் டேங்க் கழிவை லாரி எடுத்துப்போய் ஓடையில் கொட்டுவது உங்கள் ஊர்ப் பிரச்சினை என்றால், ஒரு சிற்றூரால் தனியே தீர்க்க முடியாது. பக்கத்து ஊர்களோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையம் கேட்க வேண்டும். மதுராந்தகம் அருகே கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் அமைந்தது தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம். பக்கத்து நகரமான மதுராந்தகத்தின் கழிவும் அங்கே வருகிறது.

அடைப்பு எடுக்க ஆளை இறக்கினால் செலவு குறையும் என்கிறார்களே?

கூடவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. உள்ளாட்சி செய்தாலும், ஒப்பந்ததாரர் செய்தாலும், வீட்டுக்காரர் செய்தாலும் குற்றமே. அப்படி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். மதிப்பீட்டில் அடைப்பு நீக்கும் வேலை இருந்தால், அதை இயந்திரத்தால் செய்யும் செலவும் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திர வாடகை எழுதப்படாத மதிப்பீடு, ஆளை இறக்குவதற்குப் போட்ட மதிப்பீடு. மன்றக் கூட்டத்தில் அதை அப்படியே சொல்லுங்கள்.

குடிநீரில் சாக்கடை நாற்றம் வருகிறது. தீர்மானம், மதிப்பீடு என்று காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அந்த வால்வை உடனே மூடச் சொல்லுங்கள், லாரி நீர் கேளுங்கள், சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுங்கள். வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதனைக் கருவி குடிநீர்க் குழுவிடம் இருக்க வேண்டும். செலவுக்கு ஒப்புதலைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். முதல் வயிற்றுப்போக்கு வந்த பிறகு கோப்பைத் தேடுவதில் பொருளில்லை.

வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டால்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உடனடிச் சீரமைப்புக்கு மட்டும் பணம் கிடைக்கும். நிரந்தர வேலைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணிக் கரையோரக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்கள் மூழ்கி, தூத்துக்குடி மாவட்டத்தில் பல ஊர்கள் தண்ணீரின்றித் தவித்தன. சேதக் கணக்கெடுப்பில் உங்கள் ஊரின் மோட்டார் அறையும் குழாயும் பதிவாகியிருக்கின்றனவா என்று அந்த வாரமே பார்த்துவிடுங்கள். நீர் வடிந்து சேறு காய்ந்த பிறகு சேதத்தை நிறுவுவது பெரும்பாடு.

எங்கள் மனைப்பிரிவில் பொதுப்பணத்தில் குழாய் போட மறுக்கிறார்கள். ஏன்?

மனை விற்றவர் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தாரா என்று பாருங்கள். தரவில்லையென்றால் அந்தச் சாலை இன்னும் தனியார் நிலம். அதில் அரசுப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் சிக்கும். அதிகாரி மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். அடுக்குமாடி வளாகத்தின் உள்ளே இருக்கும் குழாய்களுக்கும் இதே நிலைமை.

பணம் வந்ததா, எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் யாரும் பார்க்கலாம். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும், வாசிக்காவிட்டால் கேளுங்கள். அதற்கும் மேல் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "குடிநீருக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதிலே வரும். குறிப்பிட்ட வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கம், பில் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். இருநூறு மீட்டருக்குப் பில் போட்டுவிட்டு நூற்றிருபது மீட்டர் புதைத்திருந்தால், அளக்கும் நாடா போதும்.

எல்லாம் செய்தும் அசையவில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு, அல்லது 1100 என்ற முதல்வரின் உதவி மையம். முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகை எண்களையும் கிராம சபைத் தீர்மான நகலையும் இணைத்துக் கொடுத்தால், "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்ற பதிலோடு முடித்துவிட முடியாது.

கடைசியாக ஒன்று: தெருக்குழாயிலிருந்து என் வீட்டுக்கு வரும் இணைப்பு ஒழுகுகிறது. அதற்கும் ஊராட்சிப் பணம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. அது வீட்டுக்காரர் செலவு. ஆனால் சாலையைத் தோண்ட அனுமதி வாங்குங்கள். வாங்காமல் தோண்டும்போது பக்கத்திலுள்ள பொதுக் குழாய் உடைந்தால், அதைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.